தாய்த்தகடு யாருக்கு உரியது?
இசைத்தட்டு வரலாற்றில் கலைஞர் உடைமையும், நெகிரி செம்பிலான் தோட்டங்கள் தரும் பாடமும்

பால்மரம் சீவும் தொழிலாளிக்கும் இசைத்தட்டில் பாடும் பாடகருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். வெளித்தோற்றத்தில் ஒருவர் விடியற்காலை இருளில் மரத்தடியில் நிற்பவர். மற்றவர் ஒலிவாங்கியின் முன் நிற்பவர். ஆனால் உடைமை என்னும் கண்கொண்டு நோக்கின் இருவரும் நெடுங்காலம் ஒரே நிலையில் இருந்தவரே ஆவர். தொழிலாளியின் கைத்திறத்தால் இறங்கிய பால், மங்கில் நிறைந்து ஸ்டோருக்குச் சென்றதும் தோட்டத்தாருடையது ஆகிவிடும். பாடகரின் குரல் மெழுகுத் தகட்டில் பதிந்த அளவில் கம்பெனியாருடையது ஆகிவிடும். இருவர் கையிலும் எஞ்சுவது கூலி ஒன்றே.

இந்த முறையை மாற்றி, உழைத்தவரே உடையவராகவும் இருக்கலாகாதா என்று எண்ணியவர்கள் இரு துறையிலும் தோன்றினர். வியப்பு என்னவெனில், தோட்டத்துறையிலும் இசைத்துறையிலும் இம்முயற்சிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில், அதாவது 1950க்கும் 1980க்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் எழுந்தன. ஒரே வகையான வெற்றியையும் ஒரே வகையான இடரையும் கண்டன. ஆதலின் ஒன்றின் வரலாறு மற்றொன்றுக்கு விளக்கமாக அமைகின்றது.

பாட்டுப் பெட்டி வந்த வரலாறு

கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பெர்க் 1902ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு வந்து கவ்ஹர் ஜான் முதலியோரின் பாட்டுக்களைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே அவர் சிங்கப்பூரிலும் பதிவு நடத்தினார். அந்நாளில் பதிவான தகடுகள் செர்மனியிலுள்ள ஹானோவருக்குக் கப்பலில் சென்று, அங்கே அச்சாகித் திரும்பி வரவேண்டும். 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை ஏற்பட்டபின் இத்தொல்லை நீங்கிற்று. 1930களில் சென்னையில் ஏ. வி. மெய்யப்பனும் அவர் கூட்டாளிகளும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் என்னும் செர்மானியக் கம்பெனியுடன் சேர்ந்து தமிழ் இசைத்தட்டுக்களை வெளியிட்டது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பாட்டுக்கள் கொட்டகையைக் கடந்து ஊர்தோறும் ஒலிக்கத் தொடங்கிய காலம் அது.

தமிழகத்துக் கரைக்கும் பினாங்குக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் இத்தட்டுக்களும் மலாயாவுக்கு வந்தன. சிரம்பான், போர்ட்டிக்சன், கோலப்பிலா, பகாவ் ஆகிய நகரங்களைச் சூழ்ந்த தோட்டங்களில், மாரியம்மன் கோவில் திருவிழாவும் திருமண வீடும் ஒலிபெருக்கிப் பாட்டு இல்லாமல் நிறைவு பெறா என்னும் நிலை காலப்போக்கில் உண்டாயிற்று. ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடமே ஓடும் அத்தட்டுக்கள் லயத்து மக்களுக்குத் தாயகத்தின் குரலாக விளங்கின. அக்குரலுக்கு உரியவர் எவர் என்ற வினாவை அந்நாளில் எழுப்பினார் இலர்.

தாய்த்தகடு

இசைத்தட்டு உருவாகும் முறையை அறிந்தாலன்றி உடைமைச் சிக்கல் விளங்காது. பாடகர் பாடும்போது ஊசி மெழுகுத் தகட்டில் வரி கீறுகின்றது. அம்மெழுகின்மேல் உலோகம் பூசி எடுத்தால் எதிர்வரியுடைய உலோகத்தகடு ஒன்று கிடைக்கும். அதிலிருந்து எடுக்கப்படும் நேர்வரித் தகட்டுக்குத் தொழிலாளர் வழங்கிய பெயர் ‘தாய்’ என்பதாகும். தாயிலிருந்து அச்சுத்தகடுகளை எடுத்து, அரக்குக் கலவையை அழுத்தி ஆயிரக்கணக்கான இசைத்தட்டுக்களைச் செய்வர். அச்சுத்தகடு தேய்ந்தால் தாயிலிருந்து மற்றொன்று எடுத்துக்கொள்ளலாம். எனவே தாய்த்தகடு எவர் கையில் உளதோ அவரே பாட்டின் வருங்காலத்திற்கு உடையவர். விற்பதும் நிறுத்துவதும் பிறருக்கு மாற்றுவதும் அவர் விருப்பமே. பிற்காலத்தில் காந்த நாடா வந்தது. அதன்பின் கணினிக் கோப்பு வந்தது. கருவி மாறிற்றே ஒழியச் சட்டநிலை மாறவில்லை.

பாடகர்களுக்குப் பெரும்பாலும் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுத்து முடித்துவிடுவர். புகழ் மிக்க சிலருக்கே விற்பனைக்கேற்ற உரிமைத்தொகை கிடைத்தது. கம்பெனியார் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பதிவுக் கருவி, ஆலை, கப்பற்கூலி, கடைக்காரர் கழிவு, விலைபோகாத தட்டின் இழப்பு ஆகிய அனைத்தையும் தாங்கியவர்கள் அவர்களே. ஆனால் செலவு முழுதும் திரும்பி, இலாபமும் பலமடங்கு வந்த பின்னரும் தாய்த்தகடு பாடகரிடம் மீளவில்லை என்பதே குறை.

கலைஞர் நிறுவிய நிலையங்கள்

இக்குறையைத் தீர்க்க முதலில் முனைந்தவர்களுள் அமெரிக்கக் கறுப்பின இசைவாணர்கள் சிறப்பிடம் பெறுவர். 1952இல் நியூயார்க் நகரில் சார்லஸ் மிங்கஸ், மாக்ஸ் ரோச் என்னும் ஜாஸ் கலைஞர்கள் ‘டெபியூ’ என்ற இசைத்தட்டு நிலையத்தைத் தொடங்கினர். மறு ஆண்டு மே மாதம் கனடா நாட்டு டொரான்டோ நகரில் அவர்கள் இருவரும் வேறு மூவருடன் நடத்திய கச்சேரியின் பதிவை அந்நிலையமே வெளியிட்டது. அம்மூவருள் ஒருவர் சார்லி பார்க்கர். அவர் வேறொரு கம்பெனிக்கு ஒப்பந்தத்தால் கட்டுண்டு இருந்தமையால், தாம் வாசித்த தட்டில் தம் பெயரைப் போட இயலாமல் ‘சார்லி சான்’ என்னும் புனைபெயரில் நின்றார். கலைஞனின் குரல் மட்டுமன்றி அவன் பெயரும் பிறர் உடைமையாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. டெபியூ நிலையம் 1957 வரையே இயங்கிற்று. பின்னர் அதன் பதிவுகள் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு வாணிகக் கம்பெனியைச் சென்றடைந்தன. கலைஞர் தொடங்கிய நிலையமாயினும், கைமாறுவதைத் தடுக்கும் விதி அதனிடம் இல்லை.

1971இல் சார்லஸ் டாலிவர், ஸ்டான்லி கவல் என்பார் தொடங்கிய ‘ஸ்டிராட்டா ஈஸ்ட்’ வேறொரு வழியை மேற்கொண்டது. அதன் வெளியீடுகளில் கலைஞர் தம் செலவில் பதிவு செய்வர். பதிவின் உடைமை அவரிடமே தங்கும். நிலையம் அச்சிட்டு விற்றுத் தரும். ஐரோப்பாவிலும் ஆம்ஸ்டர்டாம், பெர்லின், இலண்டன் ஆகிய நகரங்களில் 1967க்கும் 1970க்கும் இடையே கலைஞர்கள் தமக்கெனச் சொந்த நிலையங்களை அமைத்துக்கொண்டனர்.

இவை யாவும் சந்தித்த பெருந்தடை விற்பனையே. தட்டு அச்சிடுதல் எளிது; அதைக் கடைதோறும் கொண்டுசேர்த்துப் பணத்தை மீட்பது அரிது. இதனை உணர்ந்த கார்லா பிளே, மைக்கேல் மாண்டலர் ஆகியோர் 1972இல் இலாப நோக்கில்லாத விநியோக நிலையம் ஒன்றை ஏற்படுத்தினர். சிறிய நிலையங்களின் தட்டுக்களை, இது விற்கும், இது விற்காது என்று கழிக்காமல் ஏற்று வழங்கிய அது 1990 வரை பணி செய்தது.

இலாபம் பிரிக்காத முறை

‘இலாப நோக்கற்றது’ என்பதைப் பலர் பிழைபட உணர்கின்றனர். அத்தகைய அமைப்பு நட்டத்தில் நடக்கவேண்டும் என்பதோ, உழைப்பவர் ஊதியம் பெறலாகாது என்பதோ அதன் பொருள் அன்று. வரவு செலவு போக எஞ்சும் மிகுதியை எவரும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளாமல், அடுத்த பணிக்கே திருப்ப வேண்டும் என்பதே பொருள். மற்றொரு விதியும் உண்டு, அதுவே உயிர்நிலை. அமைப்பு கலைய நேரின் அதன் சொத்து உறுப்பினர் வீட்டுக்கோ வாணிகர் கடைக்கோ செல்லலாகாது. அதே நோக்கமுடைய மற்றோர் அமைப்புக்கே செல்ல வேண்டும்.

இவ்விதியின் பயனை ஒரு வரலாறு விளக்குகின்றது. 1954இல் ஆட்டோ லூயனிங், டக்ளஸ் மூர், ஆலிவர் டேனியல் ஆகியோர் அமெரிக்க இசையமைப்பாளர்களின் ஆக்கங்களை வெளியிட ‘கம்போசர்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ என்னும் நிலையத்தை நிறுவினர். பிற்காலத்தில் அது இலாப நோக்கற்ற அமைப்பாயிற்று. விற்பனை குறைந்தது என்பதற்காக எந்த வெளியீட்டையும் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை என்பது அதன் கொள்கை. ஐம்பது ஆண்டுக்காலம் நின்ற அந்நிலையம் 2003இல் மூடப்பட்டது. ஆயினும் பதிவுகள் மறையவில்லை. 1975இல் தோன்றிய ‘நியூ வேர்ல்டு’ என்னும் மற்றோர் இலாப நோக்கற்ற நிலையம் அவற்றை ஏற்று மக்களுக்குத் தொடர்ந்து வழங்கிற்று. டெபியூவும் மூடப்பட்டது, இதுவும் மூடப்பட்டது. ஒன்றன் சொத்து வாணிகர் கைக்குச் சென்றது. மற்றொன்றன் சொத்து அறத்தின் கைக்குச் சென்றது. வேறுபாடு கலைஞரின் திறத்தில் இல்லை. நிலையத்தின் விதியில் இருந்தது.

இந்தியாவிலும் இதற்கு ஒப்பான செயல் ஒன்று உண்டு. 1945இல் கேரள நாட்டுக் கோட்டயத்தில் எம். பி. பால், காரூர் நீலகண்ட பிள்ளை முதலிய எழுத்தாளர் பன்னிருவர் 120 ரூபாய் முதலுடன் சாகித்தியப் பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். நூலின் விலையில் நூற்றுக்கு முப்பது பங்கை எழுத்தாளருக்கே அளித்த அச்சங்கம் மலையாள இலக்கிய வளர்ச்சிக்குத் தூணாக நின்றது. இசைத்தட்டுத் துறையில் தமிழர் அத்தகைய பொதுநிலையம் ஒன்றை ஆங்கே தோற்றுவித்திருப்பின், நாடகப் பாடகர் பலரின் முதுமைக்காலம் வேறாக அமைந்திருக்கும்.

தோட்டத்தில் கண்ட பாடம்

இனி நெகிரி செம்பிலானை நோக்குவோம். கூட்டுடைமை என்னும் கருத்து அம்மாநிலத் தோட்ட மக்களுக்குப் புதிதன்று. 1922இல் மலாய்க் கூட்டு மாநிலங்களில் கூட்டுறவுச் சட்டம் வந்தபின், தோட்டங்களில் இந்தியத் தொழிலாளரின் சிக்கனக் கடன் சங்கங்கள் அமைந்தன. போருக்குப்பின் 1946இல் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்திற்குத் தலைமை தாங்கிய பி. பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் ஒன்றிப் பிறந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்தினார்.

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தலைமுறையாக வாழ்ந்த லயம், கோவில், பள்ளி அனைத்தையும் விட்டுத் தொழிலாளர் வெளியேற நேர்ந்தது. இத்துண்டாடலைத் தடுக்க வேண்டி 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று, மாதம் பத்து வெள்ளி சேமித்துப் பங்கு வாங்குமாறு அவர் தொழிலாளரை வேண்டினார். மறு ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. பிறகு பல தோட்டங்கள் சேர்ந்தன. சீவுகின்றவனே பங்குதாரன் என்னும் நிலை மலாயா வரலாற்றில் பெருமாறுதல் ஆகும். எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் கூட்டுறவு நெறி, சிறுதொகை கொடுத்தவனையும் பெருந்தொகை கொடுத்தவனையும் பொதுக்கூட்டத்தில் சமமாக அமரச் செய்தது.

இதே நோக்குடன் தோன்றி, வேறு முடிவு கண்ட முயற்சி நெகிரி செம்பிலானிலேயே உண்டு. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோற்றுவித்த ‘காட்கோ’ என்னும் கம்பெனி, 1970களில் பகாவ் வட்டாரத்தில் நிலம் பெற்றுத் தொழிலாளர் குடும்பங்களைக் குடியேற்றிற்று. கரும்புப் பயிரில் தொடங்கிய அத்திட்டத்தில் தம் சேமிப்பை இட்டுக் குடியேறியவர்கள், ஒரு நாள் அந்நிலம் தமதாகும் என்று நம்பினர். ஆனால் நிலம் குடியேறியவர் பெயரில் இல்லை. கம்பெனியின் பெயரில் இருந்தது. கம்பெனி கடன்பட்டுக் கலைக்கப்பட்டபோது நிலம் கலைப்பாளர் வழியாகத் தனியார் நிறுவனம் ஒன்றன் கைக்குச் சென்றது. காடு திருத்திய கைகள் நீதிமன்ற வாயிலில் நிற்க நேர்ந்தது. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்னும் பழமொழி, உழுத நிலமும் மிஞ்சாது என்ற அளவுக்கு நீண்டுவிட்டது.

தோற்றுவித்தவரின் நோக்கத்தை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் எடைபோடுதல் பொருந்தாது. இரண்டும் தொழிலாளர் நலம் கருதியே எழுந்தன. ஆனால் ஒன்று கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் உறுப்பினரைச் சொத்துக்கு உடையவராக்கியது. மற்றொன்று கம்பெனிச் சட்டத்தின்கீழ்ச் சொத்தைக் கடன்காரருக்கு எட்டும் இடத்தில் வைத்தது. கம்போசர்ஸ் ரெக்கார்டிங்சுக்கும் டெபியூவுக்கும் கண்ட வேறுபாடு ஈண்டும் அவ்வாறே தோன்றுதல் காண்க.

விற்கலாகாத உடைமை

விற்கும் உரிமையைக் கட்டுப்படுத்துவதே உடைமையைக் காக்கும் என்னும் உண்மையை நெகிரி செம்பிலான் மண் பன்னெடுங்காலமாக அறியும். மினாங்கபாவ் வழிவந்த அம்மாநில மலாய் மக்களிடையே அடாட் பெர்ப்பாத்தே என்னும் தாய்வழி மரபு நிலவுகின்றது. முன்னோர் நிலம் குலத்துப் பெண்களின் வழியே இறங்கும். அந்நிலத்தை வைத்திருப்பவள் அதன் விளைவை நுகரலாம். ஆனால் குலத்துக்குப் புறம்பானவர்க்கு விற்க இயலாது. அவள் உடையவள் என்பதினும் காவலாள் என்பதே பொருந்தும். ஆங்கில ஆட்சியினரும் 1909இல் வழக்காற்று நிலவுரிமைச் சட்டம் இயற்றி இம்மரபை ஏற்றனர். 1926இல் அச்சட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. சுற்றிலும் காடுகள் தோட்டங்களாகிக் கம்பெனிகளின் கையில் மாறி மாறிச் சென்ற காலத்திலும், ரெம்பாவ், கோலப்பிலா முதலிய வட்டாரங்களில் குலநிலம் குலத்தாரிடம் தங்கியதற்கு இம்மரபே காரணம்.

தாய்வழி நிலத்துக்கு உள்ள இக்காவல் தாய்த்தகட்டுக்கும் வேண்டும் என்பதே இலாப நோக்கற்ற கலைஞர் நிலையத்தின் சாரம். பாட்டின் பயனைப் பாடகர் நுகரலாம்; வழித்தோன்றல்களும் நுகரலாம்; ஆனால் பொதுநிலையத்தின் பதிவை நிருவாகக் குழு எதுவும் ஒரு நெருக்கடி நாளில் விற்றுவிடக் கூடாது.

இந்நாளைய நிலை

சட்டம் கலைஞர் பக்கம் மெல்ல மெல்லத் திரும்பியுள்ளது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 2000இல் செய்யப்பட்ட திருத்தத்தால் நிகழ்த்துவோர் உரிமை இடம்பெற்றது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1994இல் அவ்வுரிமை சேர்ந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை வலுப்படுத்திற்று. அதன்பின் 2013இல் பாடகர்கள் தமக்கென உரிமைத்தொகை திரட்டும் சங்கம் ஒன்றை அமைத்தனர். இவை வரவேற்கத்தக்கவை. எனினும் உரிமைத்தொகை பெறுதல் வேறு. பதிவுக்கு உடையவராதல் வேறு. முன்னது கூலி உயர்வு போன்றது. பின்னது தோட்டத்தையே வாங்குதல் போன்றது.

தட்டு அச்சிடும் ஆலையும் சரக்குக் கிடங்கும் வேண்டாத காலம் இது. ஓர் அறையில் பதிந்த பாட்டு ஒரு நொடியில் உலகெங்கும் செல்லும். அக்காலக் கலைஞரைத் தடுத்த செலவில் பெரும்பகுதி ஒழிந்தது. ஆனால் கேட்போர்க்கும் கலைஞர்க்கும் இடையே உள்ள வாயில்கள் ஒருசில பெருநிறுவனங்களின் கையில் உள்ளமையால், தனித்தனியே நிற்கும் கலைஞர் இன்றும் வலியற்றவரே. கூட்டாக நிற்பதன் தேவை குறையவில்லை.

மலேசியத் தமிழர்க்கு இத்தேவை ஒருபடி மிகுதி. நெகிரி செம்பிலானில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. பால்மரம் நின்ற நிலம் பலவிடத்துச் செம்பனையாயிற்று. லயத்து வாசலில் பிறந்த தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும், நிரையில் நின்று பாடிய தொழிற்பாட்டும் முதியோர் சிலரின் நினைவிலேயே எஞ்சியுள்ளன. அவற்றைப் பதிவு செய்வோர்க்கு நன்றி உரியது. ஆயினும் பதிவு செய்யப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் இரு வினாக்கள் உண்டு. பாடிய மூதாட்டியின் பெயர் அதன்மேல் இருக்குமா? அப்பதிவு நாளை எவர் கையில் இருக்கும்? இவ்வினாக்களுக்கு விடையின்றிப் பதிவது, மூத்தோர் குரலை மீண்டும் ஒருமுறை கூலிக்கு விற்பது ஆகும்.

தமிழாசிரியர்களும் கோவில் நிருவாகத்தினரும் இசைக்குழுவினரும் கூடி இதற்கெனச் சிறு கூட்டுறவு ஒன்றை அமைப்பது இயலாத செயல் அன்று. பெருமுதல் தேவையில்லை; பன்னிரு மலையாள எழுத்தாளர் 120 ரூபாயுடன் தொடங்கினர்; தோட்டத் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியுடன் தொடங்கினர். தேவையானவை தெளிந்த விதிகளே. உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆண்டுதோறும் எல்லோர் முன்னும் வாசிக்கப்படும் கணக்கு. பாடியவர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் தவறாத பங்கு. விற்பனைக்கு முன்னரே எண்ணிய வழி. நிலையம் கலைந்தாலும் பதிவுகள் ஒரு நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சேரும், விலைக்குப் போகா என்னும் உறுதி. இவற்றுள் இறுதியானது முதலில் எழுதப்பட வேண்டும். பகாவ் நிலத்தில் எழுதப்படாமல் போனது அவ்வொரு வரியே.